நங்கூரம் சிக்கிய இடங்கள்

அக்கா கடலுக்கடியிலிருந்து மேலே வந்ததும் முதலில் மூக்கைச் சிந்துவார். பிறகு போட்டின் விளிம்பில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, உடம்பு பாதி தண்ணீரில் கிடக்க, கொஞ்ச நேரம் அப்படியே தொங்குவார். நான் அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பேன்.

"கீழ என்னாக்கா இருந்துச்சு?"

"தண்ணி."

அதற்குமேல் ஒரு சொல் வராது. ஆனால் அவர் என்னைக் கேட்கும் கேள்விகளுக்கு அளவே கிடையாது. மேலே காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, நீலப் போட் திரும்பிப் போனதா, அதில் யார் யார் இருந்தார்கள், கழுகு வந்ததா, வந்தது என்னத்தைத் தூக்கிக்கொண்டு போனது. எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

"உள்ள போயிட்டா மேல எல்லாம் நின்னுபோன மாதிரி இருக்கும் தம்பி. நிக்கலன்னு யாராச்சும் சொல்லணும்லா."

நான் அவருக்குக் காற்றுக் குழாய் பிடிக்கும் ஆள். மலாக்காவின் செங் வட்டாரத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஒரு பிரிவையே மூடியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். அக்கா எங்கள் தாமான் குடியிருப்பில் கடைசி வீட்டில் இருந்தார். முக்குளிப்பதுதான் அவர் தொழில். ஜெட்டி என்கிற படகுத்துறையின் தூண்களைச் சோதிப்பது, படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவது, எஞ்சின் விசிறியில் சுற்றிய வலையை அறுப்பது என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். போட்டில் ஒரு கம்ப்ரெசர் ஓடும். அதிலிருந்து ஒரு மஞ்சள் குழாய் தண்ணீருக்குள் போகும். அதன் மறுமுனையைக் கடித்துக்கொண்டு அக்கா மூச்சுவிடுவார். குழாயோடு ஒரு கயிறும் போகும். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுப்பைப் புரிந்துகொண்டு நடக்க ஓர் ஆள் வேண்டும்.

வேலை கேட்டுப் போன அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. நீச்சல் தெரிஞ்சவன் எதாச்சும்னா குதிச்சிருவான். தெரியாதவன் கயிற விடவே மாட்டான்" என்றார் அக்கா.

கம்ப்ரெசரின் மேல் தினமும் காலையில் கொஞ்சம் திருநீறு பூசுவார். தன் நெற்றியில் பூசமாட்டார். "எனக்கு எதுக்கு? தண்ணியில கரஞ்சிரும். மூச்சு இதுகிட்டதான இருக்கு."

அவரிடம் வந்த வேலைகளிலேயே அதிகம் வந்தது சிக்கிய நங்கூரம் எடுப்பது. உம்பாய் கிராமத்து மீனவர்கள், சனி ஞாயிறு தூண்டில் போட வரும் டவுன்காரர்கள் எல்லோருக்கும் அவர் நம்பர் தெரியும். மலாக்கா கடலில் அடிமட்டம் பெரும்பாலும் சேறு. சேற்றில் இறங்கிய நங்கூரம் இழுத்தால் வந்துவிடும். வராமல் சிக்கினால் அங்கே கல் இருக்கிறது என்று பொருள். அந்தக் கல் பெரும்பாலும் பவளப்பாறையாகத்தான் இருக்கும். பவளப்பாறை இருந்தால் மீன் இருக்கும். மீன் கூடும் அப்படிப்பட்ட இடத்தை இங்கே லுபுக் என்பார்கள். ஒரு மீனவனுக்கு அவனுடைய லுபுக் என்பது அப்பன் சேர்த்து வைத்த நிலம் மாதிரி. கூடப்பிறந்தவனுக்குக்கூட இடத்தைச் சொல்ல மாட்டான்.

ஆனால் நங்கூரம் சிக்கினால் அக்காவைக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும். அப்படியாக ஒவ்வொருவனுக்கும் அவனவன் இடம் மட்டும் தெரிந்த கடலில், எல்லோருடைய இடமும் தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

சிலர் எங்களை நேராகக் கூட்டிப் போகமாட்டார்கள். தீவை ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கே போய், திரும்பவும் மேற்கே வந்து, எங்களுக்குத் திசை குழம்பிவிட்டது என்று நிம்மதியான பிறகு சரியான இடத்துக்குப் போவார்கள். ஒருமுறை ஒருவர் என் போனை அணைத்துவிடச் சொன்னார். நான் முறைத்தேன். அக்கா தன் போனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பெரிய போட்டும் இரண்டு எஞ்சினும் வைத்திருந்த ஒரு தூண்டில்காரர் எங்களை உம்பாய் மீன் சாப்பாட்டுக்கடை ஒன்றில் உட்காரவைத்து, சுட்ட மீனும் நண்டும் வாங்கி அடுக்கினார். சாப்பாடு முடியும் நேரத்தில் மெல்லத் தொடங்கினார். "கடல் முழுக்க உங்களுக்கு மனப்பாடம்னு சொல்றாங்க. மீன் எங்கதான் இருக்கு?"

அக்கா மேசையைப் பார்த்தார். "எல்லாத்தையும் இங்க கொண்டாந்து வச்சிட்டீங்களே" என்றபடி நண்டின் இன்னொரு காலை உடைத்தார்.

தாமானிலும் அப்படித்தான். யார் வீட்டுப் பெண்ணுக்கு என்ன பிரச்சனை என்றாலும் அவள் கடைசி வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். அடுத்த நாள் அக்கா அவளிடம் கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டிருப்பார். நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

"எல்லாத்தையும் மறந்துருவீங்களாக்கா?"

"மறக்கறதில்ல. மேல கொண்டாறதில்ல, அவ்வளவுதான்."

அவர் தோட்டத்துப் பிள்ளை. ஜாசின் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அப்பா குலை வெட்டுகிறவர். கடலோரத்துக்கு அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் பள்ளியை விட்ட பிறகுதான் கடலில் கால் வைத்தாராம். கிழக்குக்கரைத் தீவு ஒன்றில் ஹோட்டல் சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போனவர், பக்கத்து டைவிங் கடையில் ஆள் வராத ஒரு நாள் காற்றுத் தொட்டிகளைக் கழுவப் போய், அப்படியே அங்கேயே ஒட்டிக்கொண்டாராம். இதையும் அவர் எனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. ஆறு மாதம் கேட்டுக் கேட்டு, துண்டு துண்டாகச் சேர்த்தேன்.

எனக்கு இதெல்லாம் அவஸ்தையாகவே இருந்தது. கையில் கயிறு இருக்கிறது. அதன் மறுமுனை எதையோ சுற்றி நகர்கிறது, நிற்கிறது, திடீரென்று வேகமாகப் போகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தேநீர் நிறத் தண்ணீரை உற்றுப் பார்த்துப் பார்த்து என் கண்தான் எரிந்தது.

அந்த டாக்டர் வந்தது அப்போதுதான்.

அவர் மருத்துவர் அல்ல. பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய இளவயது மலாய்ப் பெண்மணி. தலையை மூடிய டுடோங் துணிக்கு மேல் ஒரு பெரிய வைக்கோல் தொப்பி. அவரும் முக்குளிப்பவர்தான், ஆனால் கிழக்குக்கரைத் தெளிந்த கடலில் பழகியவர். ஜெட்டியில் எங்கள் போட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய கடல் வரைபடத்தை விரித்தார். காற்றில் பறக்காமல் இருக்க நான் அதன் நான்கு மூலைகளிலும் ஈயக் கட்டிகளை வைத்தேன்.

உம்பாய்க்கு எதிரே, தீவுகளுக்கு அப்பால் ஒரு பகுதியை விரலால் வட்டமிட்டார். கல்லும் மணலும் ஏற்றிவரும் தட்டையான தொங்காங் கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருக்க அந்த இடத்தை ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். வரைபடத்தில் அங்கே சேறு என்று போட்டிருக்கிறது. சேறுதான் என்றால் அனுமதி கிடைத்துவிடும்.

"ஆனால் அங்கே பவளம் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்" என்றார் டாக்டர். "இந்தக் கலங்கல் தண்ணீரில் மேலிருந்து படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. கருவியை இழுத்துப் பார்த்தால் கெட்டி என்று காட்டும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று காட்டாது. எல்லா இடத்திலும் நானே இறங்கிப் பார்க்க ஆயுசு போதாது. வருடக்கணக்காக அங்கே இறங்குகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் பார்த்ததை இதில் குறித்துக் கொடுங்கள்."

அக்கா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். குறிக்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார். மூளை மாதிரி சுருக்கம் சுருக்கமாக உருண்டையாக ஒன்று இருக்குமே, பழுப்பாக, கல் மாதிரி கெட்டியாக, அது கல்தானே?

"உயிருள்ளது" என்றார் டாக்டர். "ஒரு வருடத்துக்கு நகக்கண் அளவுகூட வளராது. கட்டிப்பிடிக்கிற அளவுக்கு ஒன்று இருந்தால் அது நம் எல்லோரையும்விட வயதானதாக இருக்கலாம்."

அக்காவின் முகம் மாறியது. நங்கூரம் எடுக்க அவர் கொண்டுபோவது ஒரு கடப்பாரை. சிக்கிய கல்லை நெம்பி உடைத்தால்தான் சில நங்கூரங்கள் வரும். அன்று மாலை தாமான் முனையில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"மேல வளருற பவளத்தப் பாத்தா காலக்கூட வைக்க மாட்டேன். கெளகெளையா இருந்தாத்தான் உசுருன்னு நெனச்சேன். அந்த உருண்டைய கல்லுன்னு நெனச்சி ஏறி நின்னுல்ல வேல செஞ்சேன்."

அடுத்த வாரமெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் கேள்வியால் துளைத்தார்கள். எதற்கு என்ன பெயர், எது எதைத் தின்னும், வெப்பம் கூடினால் எது முதலில் வெளுக்கும் என்று அக்கா கேட்டார். நீரோட்டம் எந்த நேரத்தில் திரும்பும், எந்த மாதத்தில் சேறு வந்து மூடும், மூடிய சேற்றை எந்தப் பவளம் உதறிக்கொள்ளும் என்று டாக்டர் கேட்டார். நடுவில் நான் உட்கார்ந்து இரண்டு பக்கமும் காது கொடுத்தேன். இத்தனை காலம் தண்ணி என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துபோனதெல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

ஆனால் இடத்தை மட்டும் அக்கா சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும் டாக்டர். ஆனா சொல்ல என்னோடது இல்ல" என்றார் மலாயில்.

டாக்டர் கோபப்படவில்லை. "அப்படியானால் யாருடையது?" என்று மட்டும் கேட்டார்.

அதைக் கேட்கத்தான் நாங்கள் பாக் சிக்கிடம் போனோம். பாக் சிக் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மலாய்க்கார மீனவர் உம்பாயில் மற்றவர்களுக்கு மூத்தவர். அவர் சம்மதித்தால் மற்றவர்களும் கேட்பார்கள். வலையைத் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

"இன்னைக்குப் பவளம்னு எழுதுவாங்க. நாளைக்கு மீன் பிடிக்காதேன்னு எழுதுவாங்க. நான் எங்க போவேன்?"

"தொங்காங் வந்தா அதுவும் போயிருமே பாக் சிக். அதோட சங்கிலி ஒவ்வொன்னும் என் இடுப்பு கனம். ஒரு தரம் எறக்குனா உங்க லுபுக் மாவாயிரும்."

"வந்தா பாக்கலாம்."

"வந்தப்புறம் பாக்க ஒன்னும் இருக்காது."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "எத்தனையோ தரம் என் நங்கூரத்த எடுத்துக் குடுத்திருக்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஒருநாளாவது உன்கிட்ட கேட்டிருக்கேனா? கேட்டதில்ல. ஏன்னு உனக்கே தெரியும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அங்கிருந்து எழுந்து வந்தோம். இன்னும் சிலரிடம் போனோம். எல்லோரும் அதையேதான் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்.

அனுமதி பற்றிய கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லிருங்கக்கா. நல்லதுக்குத்தான சொல்றோம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

இரண்டு மூன்று நாள் அப்படியே போனது. வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குக் காய்ச்சல் வந்து நான் பார்த்ததே இல்லை. நான்காம் நாள் காலையில் நேராக ஜெட்டிக்கு வரச்சொல்லி அழைத்தார். டாக்டரும் அங்கே இருந்தார். அக்கா அவருடைய வரைபடத்தை விரிக்கச் சொல்லி, பென்சிலை வாங்கி, ஒரு பெரிய சதுரம் போட்டார். தொங்காங்களுக்குக் கேட்ட இடத்தில் பாதிக்கு மேல் அதற்குள் வந்துவிட்டது.

"இதுக்குள்ள இருக்கு. எங்க எங்கன்னு கேக்காதீங்க. சதுரம் முழுசுக்கும் தொங்காங் வரக்கூடாதுன்னு கேளுங்க. மீன்காரங்க தூண்டில் போட்டுக்கட்டும். நங்கூரத்துக்குப் பதிலா கட்ட போயா வச்சிக் குடுங்க." போயா என்றால் கடலில் மிதக்கும் கட்டு மிதவை.

டாக்டர் சதுரத்தைப் பார்த்தபடியே இருந்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிடித்தும் பெருமூச்சு விட்டார். "இது நடக்கும். ஆனால் கூட்டத்தில் கேட்பார்கள், சேற்றைச் சுற்றிச் சதுரம் போட்டிருக்கிறாயே, உள்ளே ஒன்றையாவது காட்டு என்று. அவர்களுடைய ஆள் கேமராவோடு இறங்கிப் பார்ப்பார். ஒன்று போதும். ஒன்றாவது வேண்டும்."

அக்கா பென்சிலின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலைல வேலை இல்ல. இருந்தாலும் வா" என்றார்.

அரைநிலா சமயம். அந்த நாட்களில் நீரோட்டம் அடங்கிக் கடல் கொஞ்சம் தெளியும். செத்த தண்ணீர் என்பார்கள் மீனவர்கள். தீவுகளைத் தாண்டிப் போனோம். யாரும் சுற்றிச் சுற்றிக் கூட்டிப் போகவில்லை. அக்கா ஓட்டினார், நேராக ஓட்டினார். அந்தப் பக்கம் ஒரு மீனவப் படகும் இல்லை. நடுக்கடலில், எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரிந்த ஓர் இடத்தில் எஞ்சினை அணைத்தார். நங்கூரம் போடவில்லை. நீர் வற்றி அடங்கிய நேரம், அலை இல்லை.

"இது யாரோட எடம்?" என்றேன்.

"என்னோடது."

நான் அவரோடு இருந்த காலமெல்லாம் மாதத்தில் ஒரு நாள், எங்கே போகிறார் என்று சொல்லாமல், தனியாகப் போட்டை எடுத்துக்கொண்டு போவார். தாமானில் அதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். நானும் ஒன்று வைத்திருந்தேன், யாரோ ஒருவர் தீவில் இருக்கிறார் என்று. வேலைக்குப் போன வழியில் எஞ்சின் நின்று போட் தானாக மிதந்தபோது தட்டுப்பட்ட இடமாம் அது. அதுவரை அவர் பார்த்ததெல்லாம் நங்கூரம் விழுந்து அடிபட்ட இடங்கள். இது மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்ததாம்.

அக்கா ஒரு மாஸ்க்கை எடுத்து, கண்ணாடி மங்காமலிருக்க எச்சில் துப்பித் தேய்த்து என் முகத்தில் மாட்டி, மூச்சுக்குழாயை வாயில் கடிக்கக் கொடுத்தார். உயிர்க்கவசம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டார். என் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைப் போட்டில் முடிந்தார். "ஏணிய விடாத. மூஞ்சிய மட்டும் உள்ள வை. மூச்ச வாயால விடு. பயந்தா தலையத் தூக்கு, அவ்வளவுதான்."

ஏணியின் கடைசிப் படியில் நின்று, இரண்டு கைகளாலும் கம்பியை இறுக்கிக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தேன்.

முதலில் பச்சை. பிறகு பச்சைக்குள் ஒரு நிழல். நிழல் மெல்ல மெல்லத் தரையானது. தரை அசைந்தது. பாறை முழுக்க விரல் நீளத்துக்குப் பூக்கள் முளைத்திருந்தன, ஆயிரக்கணக்கில், மங்கிய பச்சையும் பழுப்புமாக. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, எல்லாம் ஒன்றாகத் திரும்பின. அவற்றுக்கு நடுவே அக்கா கல்லென்று நினைத்த அந்த உருண்டைகள், சின்னது, பெரியது, ஒன்று எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு. அதன் இடுக்கிலிருந்து ஒரு மீன் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனது. அக்கா எனக்குக் கீழே நழுவிப் போனார். மூச்சை அடக்கியபடி பூக்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல், தண்ணீரை மட்டும் மெல்ல விசிறினார். அந்த இடத்துப் பூக்களெல்லாம் பாறைக்குள் போய்விட்டன. வெறும் பாறை தெரிந்தது. அவர் கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

எவ்வளவு நேரம் முகத்தை உள்ளே வைத்திருந்தேன் என்று தெரியாது. தலையைத் தூக்கியபோது கழுத்து பிடித்துக்கொண்டது. அக்கா போட்டின் விளிம்பில் வழக்கம்போல முழங்கையை ஊன்றித் தொங்கிக்கொண்டிருந்தார்.

"இதையா சொல்லப் போறீங்க?" என்றேன்.

"மத்ததுக்கெல்லாம் ஆளு இருக்கு. இதுக்கு நான்தான். நான்கிறதால நான் சொல்லலாம்லா."

"கேமராவோட வருவாங்க. அப்புறம் எல்லாரும் வருவாங்க."

"வருவாங்க."

அவர் கண்கள் சிவந்திருந்தன. உப்புத்தண்ணீரால்கூட இருக்கலாம். நான் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு அக்கா சேலை கட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி ஆட்கள், அதிகாரிகள், பின்வரிசையில் பாக் சிக்கும் நாலைந்து மீனவர்களும். டாக்டர் பேசி முடித்ததும் எதிர்பார்த்த கேள்வியே வந்தது. அக்கா எழுந்தார். இடத்தைச் சொன்னார். திசை, ஆழம், எந்த நாளில் எந்த நேரத்தில் போனால் தெரியும் என்பதுவரை சொன்னார். சொல்லும்போது அவருடைய வலதுகை சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

பின்வரிசையில் பாக் சிக் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவரைக் கேட்டார். அவரும் இல்லையென்று தலையாட்டினார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பாக் சிக் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீ சொன்னது எங்க யாரோட எடமும் இல்ல. யாரோடது அது?"

"ஒரு ஆளோடது" என்றார் அக்கா.

பாக் சிக் என்னைப் பார்த்தார். நான் கார் நிறுத்திய பக்கம் பார்த்தேன். அவர் தன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைத் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டு, அந்தச் சதுரத்தைக் காட்டச் சொன்னார். அவர் நகம் கறுத்த விரல் அதன் தெற்கு ஓரத்தில் போய் நின்றது.

"இது பத்தாது" என்றார். "இன்னும் இவ்வளவு கீழ இழு. அங்கயும் இருக்கு." விரலை அங்கேயே வைத்தபடி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "எங்கன்னு கேக்காதே."

அக்கா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதிகாரிகளின் ஆள் இறங்கிப் பார்த்தார். மேலே வந்தவர் மாஸ்க்கைக் கழற்றாமலேயே பேசத் தொடங்கிவிட்டார், ஒன்றும் புரியவில்லை. தொங்காங்களுக்கு இன்னும் தள்ளி, சேறு மட்டும் உள்ள ஓர் இடத்தைக் கொடுத்தார்கள். சதுரம், பாக் சிக் இழுத்த நீளத்தோடு சேர்ந்து, வரைபடத்தில் ஏறியது. அவரவர் லுபுக் அவரவரிடமே இருந்தது. மிதவைகளைக் கனமான கான்கிரீட் கட்டைகளில் கட்டப் போனார்கள். அக்கா தடுத்தார். இந்த நீரோட்டத்தில் கட்டை நடக்கும், நடந்து போகிற வழியெல்லாம் நசுக்கும், சங்கிலி தரையில் புரண்டு கூட்டும் என்றார். செத்த பாறையாகப் பார்த்து இரும்பு முளை அடித்து, கயிற்றின் நடுவில் ஒரு சின்ன மிதவை வைத்து அதைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கச் செய்தார்கள். எது செத்தது எது உயிருள்ளது என்று இப்போது அவருக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு முளைக்கும் டாக்டரை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டி, அவர் தலையசைத்த பிறகுதான் அடித்தார்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம்போல அவரோடு இருந்தேன். இப்போது எனக்கு மஸ்ஜித் தானா என்ற ஊரில் ஒரு கடையில் வேலை. அக்கா சபா மாநிலப் பக்கம் போய்விட்டார், அங்கேயும் மிதவை கட்ட ஆட்களைப் பழக்குகிறார் என்று டாக்டர் சொன்னார். அக்காவே சொல்வார் என்று எதிர்பார்த்தால் நடக்காது.

அவரை நினைத்தால் எனக்கு ஒரு நாள்தான் முதலில் வருகிறது. மிதவைகள் கட்டி முடித்த பிறகு வந்த முதல் பள்ளி விடுமுறை. வேறு வேலையாகப் போன எங்களுக்கு அவருடைய இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டி இருந்தது. மிதவையைச் சுற்றி நாலைந்து போட்டுகள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். ஒரு போட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா மிதவையில் கட்டத் தெரியாமல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அக்கா எஞ்சினைக் குறைத்தார். "அண்ணே, அத போடாதீங்க. கயிற இப்படிக் குடுங்க." மிதவையின் வளையத்தில் அவரே கட்டிக் கொடுத்தார்.

"ரொம்ப நன்றிங்க. இங்க பாக்க என்ன இருக்குங்க?" என்று கேட்டார் அந்த மனிதர்.

அக்கா தண்ணீரைப் பார்த்தார். "நெறைய இருக்கு. பிள்ளைங்கள எது மேலயும் நிக்க வேணாம்னு சொல்லுங்க. கல்லு மாதிரி இருந்தாலும் கல்லு இல்ல" என்றார்.

அங்கிருந்து நாங்கள் விலகிப் போனோம். பாட்டுச் சத்தம் கேட்காத தூரம் வந்ததும் அக்கா எஞ்சினை அணைத்துவிட்டார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"வருத்தமா இருக்காக்கா?"

"இருக்குலா" என்றார். பிறகு அவர் பெட்டியைத் திறந்து, நீளமான கயிற்றில் கட்டிய ஓர் ஈயக் குண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "எறக்கு."

"இங்கயா? இங்க சேறுதான?"

"யாரு பாத்தா?"

கயிற்றை விட்டேன். அது கைக்குள் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. சேறாக இருந்தால் மெத்தென்று அமுங்கும். கயிற்றை ஒரு சாண் தூக்கி மறுபடி விட்டேன். உள்ளங்கையில் தட் என்று வந்து இடித்தது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டியாதான்க்கா இருக்கு" என்றேன்.

அவர் அதற்குள் மாஸ்க்கில் எச்சில் துப்பித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.